ஆண்டவரின் பந்தியும் வடக்கன்குளத்துச் சுவரும்



பொன்விழா மலருக்கு நம் பங்கின் வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். அடிக்கல் நாட்டப்பட்டது எப்போது, கோபுரத்திற்கு மணி வந்தது எப்படி, இங்குப் பணியாற்றிச் சென்ற குருக்கள் எவரெவர் என்பனவெல்லாம் இம்மலரின் பிற பக்கங்களில் உள்ளன. அவற்றை நானும் ஒரு முறை எழுதுவதில் பயன் இல்லை. எனவே வேறொரு வரலாற்றை எழுத இசைவு பெற்றேன். நம் பகுதியில் அசனம் இல்லாத திருவிழா உண்டா? ஒன்றாக அமர்ந்து உண்பது எளிய செயல்தான். ஆனால் அந்த எளிய செயல் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபைக்கு எவ்வளவு கடினமாக இருந்து வந்திருக்கிறது என்பதையே இங்குச் சொல்லப் போகிறேன்.

நம் ஆண்டவர் இயேசுவின் மீது பரிசேயர் சுமத்திய குற்றங்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஓய்வுநாளை மீறினார் என்றார்கள். பாவங்களை மன்னிக்கத் துணிந்தார் என்றார்கள். இவற்றோடு, அவர் யார் வீட்டில் சாப்பிட்டார் என்பதையும் ஒரு குற்றமாக அடிக்கடி எடுத்துரைத்தார்கள். சுங்கச்சாவடியிலிருந்து எழுந்து வந்த லேவியின் வீட்டில் விருந்து உண்டார். எரிக்கோவில் மரத்தின் மேல் ஏறி நின்ற சக்கேயுவை இறங்கச் சொல்லி, அவன் அழைக்கும் முன்னரே அவன் வீட்டிற்குத் தாமே விருந்தாளியாகச் சென்றார். லூக்கா நற்செய்தி 15ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். காணாமற்போன ஆடு, காணாமற்போன காசு, ஊதாரி மைந்தன் என மூன்று உவமைகளையும் ஆண்டவர் சொன்னது எதற்காக? பாவிகளோடு உண்கிறார் என்ற முணுமுணுப்புக்கு மறுமொழியாகவே சொன்னார். அதற்கு முந்திய அதிகாரத்தில் விருந்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்றும் கற்பிக்கிறார். திரும்ப அழைக்கக் கூடியவர்களை அல்ல, ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார். இப்போதனையை நாம் ஆண்டுதோறும் கோவிலில் கேட்கிறோம். கேட்டுவிட்டு, திருமண அழைப்பிதழ்களை யார் யாருக்குக் கொடுக்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி அப்போஸ்தலர் காலத்திற்கு வருவோம். நம் முன்னோர் இராயப்பர் என்று அழைத்த புனித பேதுரு, யோப்பாவில் ஒரு காட்சி கண்ட பின்னர், செசரியாவிலிருந்த கொர்னேலியு என்னும் உரோமை நூற்றுவர் தலைவன் வீட்டிற்குள் நுழைந்தார். யூதர் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய தாண்டல்! ஆயினும் அதே பேதுரு அந்தியோக்கியாவில் தடுமாறிவிட்டார். யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு அவர் முதலில் ஒரே பந்தியில்தான் உண்டு வந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பந்தியை விட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினர். நல்லவரான பர்னபாவும் அவர்களோடு இழுபட்டுப் போனார். சின்னப்பர் என்னும் புனித பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேராக எதிர்த்துக் கேட்டார். கலாத்தியர் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் பவுலே இதை எழுதி வைத்திருக்கிறார். திருச்சபையின் முதல் தலைவரை அசைத்தது வாளும் அன்று, சிறையும் அன்று. வெளியூரிலிருந்து வந்த நாலு பேருடைய பார்வை! இதைப் படிக்கும்போதெல்லாம் பேதுருவின் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றே தோன்றுகிறது.

கொரிந்து நகரில் வேறு விதமான சிக்கல். அங்கு ஆண்டவரின் திருவிருந்துக்குக் கூடியவர்களில் சிலர் முன்னதாகவே உண்டு குடித்து மயங்கிக் கிடக்க, சிலர் பசியோடு நின்றார்கள். குருமடத்தில் எங்களுக்கு மறைநூல் கற்பித்த பேராசிரியர் இதை விளக்கியது இன்றும் நினைவில் நிற்கிறது. அக்காலச் செல்வர் வீட்டு உணவறையில் மூன்று பக்கமும் மஞ்சம் இட்டு ஏறத்தாழ ஒன்பது பேர் சாய்ந்து உண்ண இடம் இருக்கும். வீட்டுக்காரரின் நண்பர்கள் அங்கே அமர்வார்கள். வேலை முடிந்து தாமதமாக வரும் அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் முற்றந்தான். அறைக்கும் முற்றத்திற்கும் இடையில் பத்தடி இருந்திருக்கலாம். அந்தப் பத்தடியைக் கண்டுதான் பவுல் கொதித்து எழுந்தார்.

நம் நாட்டிற்கு வருவோம். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழையும் வடமொழியையும் கற்று, உயர்ந்தோர் எனப்பட்டவர்களுக்கு நற்செய்தியைக் கொண்டு சென்றார். அவருடைய அறிவும் தவமும் நம் வணக்கத்திற்குரியவை. ஆனால் அவ்வழியில் ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. உயர் சாதியாரிடம் பழகும் குருக்கள் தாழ்த்தப்பட்டோரோடு வெளிப்படையாகப் பழக முடியவில்லை. அவர்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறு ஒரு குருக்கள் வகுப்பு ஏற்பட்டது. 1693இல் ஓரியூரில் குருதி சிந்திய அருளானந்தர் பண்டாரசாமியாகவே உழைத்தார். இம்முறை சரியா தவறா என்ற வழக்கு உரோமை வரை சென்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இழுபட்டு, 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விடுத்த ஆணையோடு ஓய்ந்தது. அப்போதும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென இயேசு சபைக் குருக்களில் சிலரைத் தனியே ஒதுக்கலாம் என்ற ஏற்பாடு ஏற்றுக்கொள்ளப்பட்டது. அக்காலத்தின் இக்கட்டு நமக்கு விளங்குகிறது. இருந்தாலும், அந்தியோக்கியாவில் பவுல் எழுப்பிய கேள்விக்கு அது விடையாகாது என்பதே என் எளிய கருத்து.

அந்த ஆணை வந்த மறு ஆண்டு, 1745 மே 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் முப்பத்து மூன்று வயதுடைய ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன்தான் அவர். பத்மநாபபுரத்தில் மார்த்தாண்டவர்மரின் அரசுப் பணியில் இருந்தவர். குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவரான டச்சுக்காரர் டிலனாய், துன்பத்தில் வாடிய அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குரு புட்டாரி அடிகளாரிடம் அவரை அனுப்பி வைத்தவரும் டிலனாய்தான். இலாசர் என்னும் பெயரின் பொருளைத் தமிழில் தாங்கித் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார்.

அரண்மனையைச் சேர்ந்த ஒருவர் கிறிஸ்தவரானது அதிர்ச்சியாக இருந்திருக்கலாம். எனினும் பொறுத்துக்கொள்ளக் கூடியதே. படைத்தலைவரே கிறிஸ்தவர்தானே! பொறுக்க முடியாமற்போனது தேவசகாயம் அதற்குப் பின் நடந்துகொண்ட முறை. மனிதர் எல்லாரும் சமம் என்று பேசினார். பேசியதோடு நில்லாமல், தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களோடு வேறுபாடின்றிப் பழகினார். 1749 பிப்ரவரியில் அவரைச் சிறைப்பிடித்தார்கள். அரச துரோகம் உள்ளிட்ட குற்றங்கள் சாட்டப்பட்டன. கொலைக்கான காரணத்தைப் பற்றி வரலாற்று ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் சாதி வேற்றுமையைப் பாராட்டாததால் மேல்தட்டாரின் பகைக்கு ஆளானார் என்பதைப் புனிதர் பட்ட வேளையில் உரோமையே குறிப்பிட்டது. எருமையின் மேல் பின்புறம் நோக்கி அமர்த்தி ஊர் ஊராக இழுத்துச் சென்றதும், அடித்த புண்களில் மிளகாய்ப் பொடி தேய்த்ததும் நம் வீட்டுப் பாட்டிமார்கள் கண்ணீரோடு சொல்லிவந்த கதைகள். 1752 ஜனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு புனித சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கு நிறுத்தினால் கட்டுரை இனிதாக முடியும். ஆனால் வடக்கன்குளத்தின் கதை அங்கு முடியவில்லை.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே ஊரில், 127 ஆண்டுகளுக்குப் பின், 1872இல் திருக்குடும்பத்தின் பெயரால் ஒரு பெரிய கோவில் எழுந்தது. ஒரே பீடம், அதை நோக்கி இரண்டு கூடங்கள், கால்சட்டையின் இரு கால்களைப் போல. இந்தக் கூடம் இந்தச் சாதியாருக்கு, அந்தக் கூடம் அந்தச் சாதியாருக்கு. சாதிகளின் பெயரை எழுதி இம்மலரின் பக்கத்தை நிரப்ப எனக்கு விருப்பமில்லை, அறிந்தவர்கள் அறிவார்கள். ஓயாத சண்டைக்கு இதுவே தீர்வு என்று குருக்களும் இணங்கியிருக்கிறார்கள். ஒரே அப்பம், ஒரே கிண்ணம். வாங்க வரும் வழிகள் மட்டும் இரண்டு!

1910இல் கௌசானல் அடிகளார் அந்தத் தடுப்புச் சுவரை இடித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தோற்றுவித்த அதே பிரெஞ்சுக் குருதான். நெடுநாள் வழக்கத்தால் தங்களுக்குத் தனி இடம் உரிமை என்று கூறிச் சிலர் நீதிமன்றம் ஏறினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. சுவரை மீண்டும் எழுப்பும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. நம்மவர்கள் ஆண்டவருடைய கோவிலுக்குள் சுவர் கேட்டு வழக்காட, அரசாங்க நீதிமன்றம் அதை மறுத்தது. கூச்சமாக இருக்கிறது, ஆயினும் எழுதத்தான் வேண்டும்.

குருமாணவனாக இருந்த காலத்தில் ஒரு முறை அக்கோவிலுக்குச் சென்றேன். பீடத்தின் அருகில் நின்று திரும்பிப் பார்த்தேன். அங்கு நிற்பவருக்கு இரு கூடங்களும் தெரியும். சுவர் இருந்த காலத்தில் கூடங்களில் இருந்தவர்களுக்குப் பீடம் மட்டுமே தெரிந்திருக்கும். எதிர்க் கூடத்தார் தெரிந்திருக்க மாட்டார்கள். அப்படியானால் எல்லாரையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டே பூசை வைத்தவர் குரு ஒருவரே. இந்த எண்ணம் அன்று எனக்கு எழவில்லை. பின்னால், வேறோர் ஊரில்தான் எழுந்தது.

குருப்பட்டம் பெற்றுச் சில மாதங்களில் உதவிப் பங்குத்தந்தையாக ஓர் ஊருக்கு அனுப்பப்பட்டேன். ஊரின் பெயர் வேண்டாம். திருவிழா அசனம். கோவில் முற்றத்தில் பந்தல், பாய், வாழையிலை. முதல் பந்தியில் குருக்களோடு எனக்கும் இலை போட்டார்கள். பாதி உண்டிருப்பேன். பந்தலுக்கு வெளியே, வேலிப் பக்கம், ஒரு தெருவைச் சேர்ந்தவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாத்திரங்களோடு நிற்பதைக் கண்டேன். பந்திகள் எல்லாம் முடிந்தபின் அவர்களுக்குப் பாத்திரத்தில் ஊற்றிக் கொடுப்பது வழக்கமாம். பக்கத்தில் இருந்த ஊர்ப் பெரியவரைப் பார்த்தேன். அவர் என் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழவில்லை. உண்டு முடித்துக் கைகழுவப் போகையில், வேலியோரம் நின்ற முதியவர் ஒருவர் கைகூப்பி, "சாமி, நல்லா சாப்பிட்டீங்களா?" என்று வாஞ்சையோடு கேட்டார். "சாப்பிட்டேன் தாத்தா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அன்று காலைத் திருப்பலியில் அதே முதியவரின் நாவில் நற்கருணை ஆண்டவரை வைத்த கை என்னுடையது.

1982இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, கிறிஸ்தவத்தில் சாதிக்கு இடமில்லை என்று ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தது. அந்த அறிக்கையைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

தேவசகாயத்தை உரோமை 2012 டிசம்பர் 2ஆம் நாள் அருளாளர் நிலைக்கும், 2022 மே 15ஆம் நாள் புனிதர் நிலைக்கும் உயர்த்தியது. மே 15! திருமுழுக்கு நாளுக்கு அடுத்த நாள். இடையில் 277 ஆண்டுகள். புனிதர் பட்டத்தின்போது அவர் பெயரோடு ஒட்டி வந்த சாதிப் பெயரை நீக்கிவிட்டு, தேவசகாயம் என்றே அறிவித்தார்கள். அப்பெயரை நீக்கும்படி நம் நாட்டிலிருந்தே வேண்டுகோள்கள் போயின. நீக்கக் கூடாது என்று வருந்தியவர்களும் உண்டு. நம் பங்கிலிருந்து அவ்விழாவைத் தொலைக்காட்சியில் கண்டு கைதட்டினோம். அடுத்த வாரம் வந்த திருமண ஓலை ஒன்றில் மணமக்கள் இருவரின் பெயருக்குப் பின்னும் வால் ஒட்டியிருந்தது. நானும் அதை ஒன்றும் சொல்லாமல் கோவிலில் வாசித்தேன்.

நம் பங்கைப் பற்றி ஒரு சொல். இங்கு வேலியோரம் பாத்திரம் ஏந்தி எவரும் நிற்பதில்லை. அதற்காக இறைவனுக்கு நன்றி. ஆனால் மேற்குத் தெருவார் முதல் நாள் இரவே வந்து காய் நறுக்குவதும், விறகு சுமப்பதும், மறுநாள் கடைசிப் பந்தியில் உண்பதும் நெடுநாளாக நடந்து வருகிறது. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. அவர்களே பிந்தி வருகிறார்கள் என்று என்னிடம் சொன்னார்கள். ஏன் பிந்துகிறார்கள் என்று சென்ற மாதம் அத்தெருவுக்குப் போய்க் கேட்டேன். நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒரு தாய், "முந்தி வந்தா எங்க உக்காருறதுன்னு தெரியல சாமி" என்றார்.

பங்குப் பேரவையில் இது பற்றி இரண்டு கூட்டங்கள் நடந்தன. இரண்டாவது கூட்டத்தில் குரல்கள் சற்று உயர்ந்தன, நானும் உயர்த்தினேன். முடிவில், குருக்களுக்கும் விருந்தினருக்கும் எனத் தனியாக வைத்து வந்த முதல் பந்தியை இந்தப் பொன்விழா அசனத்தில் எடுத்துவிடுவது என்று ஏற்றுக்கொண்டார்கள். திருப்பலி முடிந்து கோவிலை விட்டு வெளிவரும் வரிசைப்படியே பந்தலுக்குள் செல்வோம். காய் நறுக்கும் வேலையும் விறகு வேலையும் நான்கு தெருக்களுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டுள்ளன. பட்டியல் கோவில் வாசல் பலகையில் ஒட்டியிருக்கிறது. என் பெயர் வெங்காயம் உரிப்பவர்களோடு இருக்கிறது. அருவாமனை வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கொண்டுவந்து கொடுத்தால் உதவியாக இருக்கும்.