இரசிகன் பெயர் பதிகிறான்

இசை நிகழ்ச்சிக்கு நுழைவுச் சீட்டு வாங்கவேண்டுமாயின், வாங்க விரும்புகிறேன் என்று முதலிலே பெயர் பதிந்து, அனுமதி கிட்டுமா என்று காத்திருக்கவேண்டிய வழக்கம் இன்று உலகின் பெருநகரங்களிலே சாதாரணமாகிவிட்டது. கையிற் பணமிருப்பது போதாது; தாம் உண்மையான இரசிகரென்பதையும் நிலைநாட்டவேண்டும். இது இளைஞரின் வீண் ஆரவாரமென்று ஒதுக்குவோர் நம்மிடையே உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கலைஞனுக்கும் மக்களுக்கும் இடையே நிற்பவன் யார் என்ற வினாவுக்கு அந்தந்தக் காலத்துப் பெயர்ப் பட்டியலிலேயே விடை கிடைக்கிறது.

1781இல் சால்ஸ்பேர்க் பேராயரின் ஊழியத்தை விட்டு நீங்கிய மோஸார்ட், வியன்னாவிலே எசமானனற்ற கலைஞராக வாழத் தலைப்பட்டார். 1784ஆம் ஆண்டுத் தவக்காலத்திலே, புதன்கிழமைகளில் மூன்று கச்சேரிகள் நடத்த முற்பட்டார். மூன்றுக்குமாகச் சந்தா ஆறு புளோரின். மார்ச் 20ஆம் திகதி தந்தைக்கு எழுதிய கடிதத்துடன் சந்தாதாரர் பட்டியலையும் அனுப்பினார். அதில் 170க்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன. பெரும்பாலானவை பிரபுக்களினதும் சீமாட்டிகளினதும் பெயர்களே. அரண்மனை எசமானன் ஒருவனை விட்டுவந்தவருக்கு இப்போது நூற்றெழுபது எசமானர்! ஆயினும் பட்டியல் அவர் கையிலேயே இருந்தது. கச்சேரிக்கு முன்பே உணவுக்கும் வாடகைக்கும் அது உத்தரவாதமளித்தது. அந்த உத்தரவாதம் எத்துணை மெலிந்தது என்பது 1789இல் வெளியாயிற்று. துருக்கியப் போர்க்காலம், பிரபுக்களின் கை சுருங்கியிருந்தது. மோஸார்ட் மீண்டும் ஒரு சந்தாப் பட்டியலைச் சுற்றுக்கு விட்டார். இரு வாரங்களின் பின் அதிலே காணப்பட்டது ஒரேயொரு பெயர்: பிரபு வான் சுவீத்தன்.

அடுத்த நூற்றாண்டிலே பிரபுவின் இடத்தை வியாபாரி பிடித்துக்கொண்டான். 1850ஆம் ஆண்டு செப்டெம்பரில், சுவீடன் நாட்டுப் பாடகி ஜென்னி லிண்டை நியூயோர்க்கிலே மேடையேற்றிய பி. ரி. பார்னம், முதற் கச்சேரிக்கான சீட்டுகளை ஏலத்தில் விட்டார். ஏலம் நடந்த காசில் கார்டன் மண்டபத்துக்குள் நுழைவதற்கே கட்டணம் அறவிடப்பட்டது. அப்படியிருந்தும் மூவாயிரம் பேர் கூடினரென்று பார்னமே தமது சுயசரிதையில் எழுதுகிறார். முதற் சீட்டை 225 டொலருக்கு எடுத்தவர் ஜெனின் என்ற தொப்பி வியாபாரி. அவர் வாங்கியது பாட்டை அன்று, விளம்பரத்தை. அதன் பின் அவருடைய தொப்பிகள் நாடெங்கும் பேசப்பட்டன. அமெரிக்காவில் லிண்ட் அதுவரை ஒரு பாட்டும் பாடியிருக்கவில்லை என்பதை மனங்கொளல் வேண்டும். கோயில் வீதி மணலிலே விடியும்வரை இருந்து நாதஸ்வரம் கேட்ட தலைமுறையினருக்கு இக்கதை விநோதமாகவே தோன்றும்.

ஏலத்திலே சீட்டு பணமுள்ளவனுக்கு, வரிசையிலே பொறுமையுள்ளவனுக்கு. ஆனால் வரிசையும் நெடுங்காலம் ஏழையின் பக்கம் நிற்கவில்லை. 1867-68இல் சார்ள்ஸ் டிக்கின்ஸ் அமெரிக்காவில் தம் கதைகளை வாசித்தபோது, இரண்டு டொலர் சீட்டுக்காகப் பனிக்கால இரவிலே வைக்கோல் மெத்தையும் போர்வையுமாகத் தெருவிற் படுத்திருந்தவர்களிற் பலர், கூடிய விலைக்கு விற்கும் தரகரின் ஆட்கள்.

தரகரை விலக்கி இரசிகரை நேரே அடைய முயன்ற கலைஞரும் இருந்தனர். 1983இல் கிரேட்புல் டெட் இசைக்குழு தனது சீட்டுகளின் ஒரு பகுதியை அஞ்சல் மூலம் தானே விற்கத் தொடங்கிற்று. இரசிகர் காசுக்கட்டளையும், முகவரியெழுதி முத்திரையொட்டிய உறையும் அனுப்புவர். அவ்வுறைகளிலே வண்ணச் சித்திரங்கள் தீட்டி அனுப்பினோர் பலர். இங்கும் பட்டியல் உண்டு. ஆனால் இரு புறமும் மனிதர் இருந்தனர்.

1976இல் அரிசோனாவிலே தோன்றிய டிக்கெட்மாஸ்டர் கம்பனி, கணினி வழிச் சீட்டு விற்பனையில் வளர்ந்து பெரிய மண்டபங்களைத் தன் பிடிக்குள் கொணர்ந்தது. 1994இல் பேர்ல் ஜாம் குழுவினர் சீட்டின் விலை 18 டொலர், சேவைக் கட்டணம் 1.80 டொலர் என்று வரையறுக்க முயன்று, அக்கம்பனியோடு மோதினர். நீதித் திணைக்களத்தில் முறையிட்டனர். ஜூன் 30ஆம் திகதி குழுவினர் இருவர் காங்கிரஸ் உபகுழுவின் முன் சாட்சியமளித்தனர். 1995 ஜூலையில் திணைக்களம் விசாரணையை முடித்துக்கொண்டது. 2010இல் டிக்கெட்மாஸ்டர், நிகழ்ச்சிகளை நடத்தும் லைவ் நேஷனோடு இணைந்தது. பாடகரின் பயணத்தை ஒழுங்குசெய்பவனும் சீட்டு விற்பவனும் ஒருவனேயானான்.

2017இல் இக்கம்பனி ‘சரிபார்க்கப்பட்ட இரசிகர்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. காரணம் பொய்யன்று: தரகரின் கணினி நிரல்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் சீட்டுகளை அள்ளிச் சென்றன, அவற்றைத் தடைசெய்ய 2016இல் சட்டமே இயற்றப்பட்டது. இரசிகர் முன்கூட்டியே பெயர் பதிவர். கம்பனி சலித்தெடுத்துச் சிலருக்கு இரகசியக் குறியீடு அனுப்பும். அக்குறியீடு சீட்டன்று, வரிசையில் நிற்பதற்கான அனுமதியே. அதே ஆண்டில் டெய்லர் சுவிப்டின் இசைப் பயணத்துக்காகப் பதிந்தோர், அவருடைய இசைத்தட்டை வாங்கியும் பண்டங்களை வாங்கியும் வரிசையில் தம் இடத்தை உயர்த்திக்கொள்ளலாம் என்று விதி செய்யப்பட்டது. காணொளிகளைப் பார்ப்பதனாலும் சற்று உயரலாம். ஆகவே காசில்லாதவன் முற்றாகக் கைவிடப்படவில்லை என்பர். அவன் தன் நேரத்தைக் கொடுத்தான். வாங்குவதற்கான வாய்ப்பே விற்பனைப் பண்டமாயிற்று; அன்பின் அளவுகோல் செலவின் அளவுகோலாயிற்று. பார்னத்தின் ஏலத்திலே விலையாவது வெளிப்படையாகக் கூவப்பட்டது.

2022 நவம்பரில் அதே பாடகியின் அடுத்த பயணத்துக்கு 35 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பதிந்தனர். ஏறத்தாழ 15 இலட்சம் பேருக்கு அழைப்பு. ஏனைய 20 இலட்சம் பேர் காத்திருப்போர் பட்டியலில். 15ஆம் திகதி விற்பனை தொடங்கியதும் அமைப்பு தடுமாறிற்று. குறியீடு பெற்றோரும் மணிக்கணக்கிற் காத்திருந்து வெறுங்கையராயினர். அன்று விற்றவை இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள். பெயர் பதியாத பொதுமக்களுக்கென 18ஆம் திகதி நடைபெறவிருந்த விற்பனை அடியோடு இரத்தாயிற்று.

இதன் பின்னரே அரசியல்வாதிகளின் செவி திறந்தது. 2023 ஜனவரி 24இல் செனற் குழு விசாரணை நடத்திற்று. 2024 மே 23ஆம் திகதி, 1995இல் கோப்பை மூடிய அதே நீதித் திணைக்களம், மாநில, மாவட்டச் சட்டத்துறைத் தலைவர்கள் 30 பேருடன் சேர்ந்து வழக்குத் தொடுத்தது. கோரிய பரிகாரங்களுள் ஒன்று, 2010இல் இணைந்த இரு கம்பனிகளையும் மீண்டும் பிரிக்கவேண்டும் என்பது.