மெரிடியன் மாணவர் மாநாடு

குடியுரிமை என்பது படித்து மனனம் செய்வதா, செய்து பழகுவதா? அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கறுப்பின மாணவர்கள் 1964ஆம் ஆண்டில் இவ்வினாவிற்கு விடை தந்தனர்.

அந்நாளில் அம்மாநிலக் கறுப்பினத்தவருள் வாக்காளராகப் பதிவு பெற்றோர் நூற்றுக்கு 7 பேரினும் குறைவு. பதிவு நாடிச் செல்வோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதிக்கு விளக்கம் எழுத வேண்டும். அது சரியா தவறா எனத் தீர்ப்பவர் வெள்ளையினப் பதிவாளர். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளோ கேள்வி கேளாதிருக்கவே பழக்கின. இந்நிலையில் சார்லஸ் காப் என்னும் இளைஞர் 1963இன் இறுதியில் வகுத்த திட்டத்தின்படி, அடுத்த கோடையில் ஏறத்தாழ 40 விடுதலைப் பள்ளிகள் தோன்றின. தேவாலயங்களிலும் மரநிழலிலும் ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் பயின்றனர். பிறரிடமிருந்து பெற விரும்புவது எது, தம்மிடம் இருப்பதில் காக்க வேண்டியது எது என்னும் வினாக்களே அங்குப் பாடம். மாணவர்கள் கவிதை எழுதினர், செய்தித்தாள்கள் நடத்தினர்.

அமெரிக்கக் கட்சிகள் தம் குடியரசுத் தலைவர் வேட்பாளரை அறிவிப்பதும் கொள்கை அறிக்கை ஏற்பதும் தேசிய மாநாட்டில்தான். 1830களில் வேரூன்றிய இம்முறையை மாணவர்கள் தாமே நடத்திப் பயின்றனர். ஆகஸ்டுத் திங்களில் பள்ளிதோறும் பேராளரைத் தேர்ந்து மெரிடியன் நகருக்கு அனுப்பினர். அவ்வூர் இளைஞர் ஜேம்ஸ் சேனியும் தோழர் இருவரும் கொலையுண்டு புதைக்கப்பட்டிருந்தமை வெளிப்பட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. அத்துயரின் நடுவிலும் அவர்கள் விவாதித்தனர், திருத்தம் கொணர்ந்தனர், வாக்கெடுத்தனர். வாக்குரிமைக்கான வரியும் தேர்வும் ஒழிக, பள்ளியாண்டு தொடர்ந்து 9 மாதம் நடைபெறுக எனத் தீர்மானங்கள் நிறைவேறின.

அதே திங்களில் பெரியோர் மாநாடு அட்லாண்டிக் சிட்டியில் கூடியது. மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் சார்பில் ஃபேனி லூ ஹேமர் சான்று பகர்ந்தார். வாக்குப் பதிவுக்கு முயன்றமையால் பண்ணையிலிருந்து விரட்டப்பட்டதையும், சிறையில் அடியுண்டதையும் நாடே கேட்டது. ஆயினும் ஜனநாயகக் கட்சித் தலைமை இரண்டு இருக்கைகளையே தர முன்வந்தது. அவர்கள் அதனை ஏற்க மறுத்தனர்.

சிறியோர் கற்ற நெறியைப் பெரியோர் அவை அன்று காக்கவில்லை. எனினும் 1965இல் வாக்குரிமைச் சட்டம் பிறந்தது. 1968இல் சிகாகோ மாநாட்டில் ஹேமர் பேராளராகவே அமர்ந்தார். குடியுரிமையைச் சட்டம் தரலாம். அதைக் கையாளும் துணிவைப் பயிற்சியே தரும். வாக்களிக்கும் வயதே எய்தாத மாணவர்கள், வாக்குரிமை மறுக்கப்பட்ட மண்ணில் கூடி வாக்கெடுத்துக் காட்டிய உண்மை இதுவே.