செம்மண்ணிலிருந்து ரத்தம் வரை

ஆடிப் பட்டத்தில் நிலக்கடலைக்கு ஊடுபயிராக விதைத்த துவரை, கடலை பிடுங்கிய பிறகும் தனியே நின்று தையில்தான் களத்துக்கு வரும். செடி செழித்து வளரும் நாள்களில் ஒன்றை வேரோடு பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் தரும் நிறம் அது. முடிச்சில் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை ஊட்டுகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள நமக்கும் முடியாது, நெல்லுக்கும் முடியாது. அந்த நைட்ரஜன்தான் விதையில் புரதமாகச் சேர்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம். அரிசியில் 7 அல்லது 8 கிராம்தான்.

களத்தில் அடித்த துவரை உடனே பருப்பாகிவிடாது. அதன் தோல் பசைபோல ஒட்டியிருக்கும். அதனால் துவரையை ஊறவைத்து, செம்மண் குழம்பில் புரட்டி, ஓர் இரவு குவித்து வைத்து, பிறகு வெயிலில் காய வைப்பார்கள். காய்ந்ததும் மண்ணைச் சலித்துவிட்டுத் திருகையில் உடைத்தால் தோல் கழன்று பருப்பு இரண்டாகப் பிளக்கும். முறத்தில் புடைக்கும்போது பறக்கும் பொட்டு மாட்டுக்குத் தீவனம். இன்று பெரும்பாலும் ஆலைகள் இந்த வேலையைச் செய்கின்றன.

அடுத்து அடுப்பு. பச்சைப் பருப்பில் நம் செரிமான நொதியைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. நன்றாக வெந்தால் அவை பெரும்பாலும் செயலிழந்துவிடும். குழைய வேகவைப்பது ருசிக்காக மட்டுமல்ல.

இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தை வெட்டத் தொடங்குகின்றன. சிறுகுடலில் டிரிப்சின் போன்றவை வேலையை முடிக்கின்றன. பூச்சரத்தைப் பிரித்து வேறு சரம் தொடுப்பதுபோல, உடல் அதை அமினோ அமிலங்களாகப் பிரித்துத் தனக்கு வேண்டிய புரதங்களைக் கட்டிக்கொள்கிறது: தசை, தோல், இன்சுலின், நோய் எதிர்ப்புப் பொருள்கள். 20 அமினோ அமிலங்களில் 9 உணவிலிருந்தே வர வேண்டும். அரிசியில் குறைவான லைசின் பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது. பருப்புச் சோறு ஏழையின் சமரசமல்ல, கணக்குச் சரியான சாப்பாடு.

மிஞ்சும் புரதத்தைக் கொழுப்பைப்போல உடல் சேமித்து வைப்பதில்லை. அதன் நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக்க, சிறுநீரகம் வெளியேற்றிவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமைக் கறி வாரம் முழுவதற்கும் போதாது, தினமும் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம்.

நம் சாம்பார் இந்தக் கணக்கில்தான் தோற்கிறது. ஒருவர் பங்குக்கு 25 கிராம் பருப்பு போட்டால்கூட ஐந்தரை கிராம் புரதம்தான் கிடைக்கும்; பல வீடுகளில் அதுவும் இல்லை, புளித்தண்ணீரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. நாளை சாம்பார் வைக்கும்போது இன்னொரு கைப்பிடி பருப்பு சேருங்கள். மாலையில் சுண்டல், கூடவே ஒரு முட்டையோ கொஞ்சம் தயிரோ இருக்கட்டும். விலையுயர்ந்த புரதப் பொடி டப்பாவை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.