காரில் விழுந்த பிசினும் காரே பூசிக்கொண்ட பிசினும்

ஆலங்காயம் பக்கத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின முதல் கார். வாசல்ல வேப்ப மரம். பானெட்ல பிசின் சொட்டி, வெயில்ல காஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு. பெரியப்பா மண்ணெண்ணெய் போடச் சொல்றார், ஃப்ரெண்டு சானிடைசர்ங்கிறான், டிங்கரிங் கடை அண்ணன் தின்னர்ங்கிறார். "யார் சொல்றதைக் கேக்கிறது?"

மூணு பேருமே அனுபவத்துல இருந்துதான் பேசுறாங்க. ஆனா யாரும் ரெண்டு கேள்வியைக் கேக்கலை. அது எந்த மரத்துப் பிசின்? உங்க பெயிண்ட் எந்தக் காலத்துது?

முதல் கேள்விக்குப் பதில் நம்ம வீட்டுலயே இருக்கு. வேப்பம்பிசின், கருவேலம்பிசின், முருங்கைப் பிசின் எல்லாம் தண்ணியில ஊறும். அந்தக் காலத்துல கருவேலம்பிசினை ஊறவெச்சுத்தான் காகிதம் ஒட்டினாங்க. குங்கிலியம் வேற ரகம். தண்ணியில எத்தனை நாள் போட்டாலும் அசையாது. சாராயத்திலயோ டர்பன்டைன்லயோ கரையும். மூணாவது, பால். பலாப்பழம் வெட்டுறதுக்கு முன்னாடி பாட்டி கையில எண்ணெய் தடவிக்கிறாங்களே, அதே வேதியியல்தான். ஆலம்பால் சொட்டின காருக்கும் எண்ணெய்தான் முதல் மருந்து. தமிழ்ல எல்லாத்தையும் பொதுவா 'பிசின்'னு சொல்லிடறோம். குழப்பம் அங்கதான் ஆரம்பிக்குது.

இப்போ ரெண்டாவது கேள்வி. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி இது.

1920களுக்கு முன்னாடி காருக்குப் பூசினதே மரப்பிசின்தான். குதிரை வண்டிக்குப் பூசின அதே வார்னிஷ். சான்சிபார்ல மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த கோபல், நியூசிலாந்து கௌரி, இதையெல்லாம் உருக்கி ஆளிவிதை எண்ணெய்ல கலந்து, டர்பன்டைன் ஊத்தி இளக்குவாங்க. அந்த டர்பன்டைனும் பைன் மரப் பிசினைக் காய்ச்சி வடிச்சதுதான். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை வெள்ளைக் குங்கிலியத்துக்கே 'இந்தியன் கோபல்'னு ஒரு வியாபாரப் பேர் இருந்துச்சு. ஒரு கோட் அடிச்சு, காயவெச்சு, தேச்சு, அடுத்த கோட். ஒரு கார் முடிய வாரக்கணக்காகும். கம்பெனி நாளைக்கு ஆயிரக்கணக்குல கார் செய்யுது, பெயிண்ட் மட்டும் காயவே மாட்டேங்குது. எங்க பாஷையில சொன்னா, பாட்டில்நெக். ஃபோர்டு மாடல் டி 1914ல இருந்து 1925 வரை கறுப்புல மட்டும் வந்ததுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்வாங்க: அடுப்புல சுட்டுக் காயவைக்கிற அந்தக் கறுப்பு, மலிவு, உறுதி.

முதல் உலகப்போர் முடிஞ்சப்போ வெடிப்பஞ்சு செய்யற கம்பெனிகள்கிட்ட பெரிய பெரிய ஆலைகள் இருந்துச்சு, போர் இல்லை. வெடிப்பஞ்சுன்னா பருத்தியை நைட்ரிக் அமிலத்துல போட்டு எடுக்கிறது. நீலகிரி அருவங்காட்டு கார்டைட் தொழிற்சாலை செஞ்ச வெடிமருந்துக்கும் அடிப்படை இதுதான். இதோட சாதுவான தம்பிதான் நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர். அமெரிக்காவில டூபான்ட் கம்பெனி இதை 'டுகோ'ங்கிற பேர்ல காருக்குக் கொண்டு வந்துச்சு. 1923ல ஜெனரல் மோட்டார்ஸோட ஓக்லண்ட் கார் நீல நிறத்துல வந்து நின்னுச்சு. வாரக்கணக்குல காய்ஞ்சது மணிக்கணக்காச்சு. நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்ல 'டுகோ அடிக்கிறது'ன்னு சொல்றாங்களே, அந்த வார்த்தை அங்க இருந்து வந்ததுதான். வாணியம்பாடி, ஆம்பூர்க்காரங்களுக்கு இந்த லேக்கர் புதுசு இல்லை. தோலுக்கு ஃபினிஷிங்ல மேல் பூச்சா அடிக்கிறதும் இதே குடும்பம்.

டுகோவுக்கு ஒரு குணம் உண்டு. அது காயறதுன்னா தின்னர் ஆவியாகிறது, அவ்வளவுதான். உள்ளுக்குள்ள எதுவும் பின்னிக்கிறது இல்லை. மறுபடி தின்னர் பட்டா மறுபடி கரையும். அன்டூ பட்டன் எப்பவும் ஆன்ல இருக்கு! பிசினைக் கரைக்கப் போனா பெயிண்டும் சேர்ந்து துணியில வந்துடும்.

1980கள்ல பரவின கிளியர் கோட் அப்படி இல்லை. மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு வலை மாதிரி பின்னிக்கும். அப்புறம் அது கரையாது. அதனாலதான் ஆல்கஹால் பிசினை மட்டும் கரைச்சுட்டு அடியில இருக்கிறதை விட்டுடுது. ஃப்ரெண்டோட சானிடைசர் யோசனை கிளியர் கோட் காலத்து யோசனை.

சரி, நேயரோட காருக்கு வருவோம். செகண்ட் ஹேண்ட் வண்டி. பானெட் ஒரு தடவை அடிபட்டு மலிவா டுகோ அடிச்சிருக்கலாம், கதவு கம்பெனி பெயிண்டா இருக்கலாம். ஒரே வண்டியில ரெண்டு காலம். அதனால பானெட்டோட உள்பக்க ஓரத்துல பஞ்சுல ஒரு சொட்டுத் தின்னர் தொட்டு லேசாத் தேய்ங்க. கலர் பஞ்சுல ஏறினா, தின்னரும் வேணாம், சானிடைசரும் வேணாம். உள்பக்கம் பழைய பெயிண்டாவே விட்டிருப்பாங்கன்னு சந்தேகமா இருந்தா, மறுபெயிண்ட்னே வெச்சுக்கோங்க.

வேப்பம்பிசினுக்கு அதெல்லாம் தேவையும் இல்லை. நிழல்ல நிறுத்தி, வண்டி சூடு ஆறினப்புறம், வெந்நீர்ல நனைச்ச துணியைப் பிசின் மேல பத்து நிமிஷம் போட்டு வைங்க. இளகலைன்னா இன்னொரு பத்து நிமிஷம். பிளேடு எடுக்காதீங்க. மிச்சம் ஒட்டியிருந்தா, மறுபடி வெந்நீர்த் துணியைப் போட்டு வெச்சு ஒத்தி எடுங்க. அப்புறம் ஷாம்பு வாஷ், வாக்ஸ்.

பெரியப்பாவோட மண்ணெண்ணெய் ஆலம்பாலுக்கு ஓரளவு கேக்கும், வேப்பம்பிசினை ஒண்ணும் செய்யாது. டர்பன்டைன்னு கேட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாலும், கையில கிடைக்கிறது பெரும்பாலும் பெட்ரோலியத்துல இருந்து வந்த மினரல் டர்பன்டைன்தான். பைன் மரத்துக்கும் அந்தக் கேனுக்கும் பேரைத் தவிர வேற சொந்தம் இல்லை.