மதுரை–கொழும்பு வான்வழித் தொலைவு

மதுரை விமான நிலையத்துக்கும் கட்டுநாயக்காவில் உள்ள பண்டாரநாயக்க பன்னாட்டு விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர். இதே முறையில் அளந்தால் சென்னை விமான நிலையம் சுமார் 415 கிலோமீட்டர். மதுரைக்காரருக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம். நடுவில் கடலும் எல்லையும் கிடப்பதால் இது பலருக்கும் தோன்றுவதில்லை.

வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால், பெருங்குடியை அடுத்த மதுரை ஓடுதளத்திலிருந்து தென்கிழக்கே கமுதியைத் தொட்டு, சாயல்குடிப் பக்கம் கரையைக் கடந்து, மன்னார் வளைகுடா மீது சென்று நீர்கொழும்பு அருகே இலங்கைக் கரையை அடையும். மொத்தத் தொலைவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கடல்தான்.

ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஜெட் விமானங்கள் உயரத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறப்பவை. அந்த வேகக் கணக்கில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். முழு வேகத்தில் செல்வது சில நிமிடங்களே. ஓடுதளத்தில் நகரும் நேரமும் சேர்வதால் கால அட்டவணையில் ஒரு மணி நேரம் அளவில் போடுகிறார்கள். 2006 ஏப்ரல் முதல் இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

இந்த வழித்தடத்துக்கு விமானம் வந்தது தாமதமாகத்தான். மக்கள் போக்குவரத்து மிகப் பழையது. 1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை திறந்தபின், தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு போனார்கள். வ.உ.சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும் இந்தக் கடல்வழியை நம்பித்தான். 1914-இல் பாம்பன் பாலம் வந்தது. அதன்பின் மானாமதுரை வழியாகத் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில் என்று பயணம் ஒழுங்குபட்டது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர், வணிகர், உறவினர் என்று எத்தனையோ குடும்பங்களின் கதை இந்தப் பாதையில் இருக்கிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தொடர்ந்த கப்பலும் 1980-களில் இலங்கைப் போரால் நின்றுபோனது.

மதுரை ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. புதிய முனையம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. முதல் பன்னாட்டுச் சேவையாகக் கொழும்பு விமானம் 2012 செப்டம்பரில் புறப்பட்டது. அதுவரை திருச்சிக்கோ சென்னைக்கோ போய்த்தான் ஏற வேண்டியிருந்தது. தென்மாவட்டத்தாருக்கு, குறிப்பாக முதியவர்களுக்கு, இது பெரிய விடுதலை.

ஆனாலும் வீட்டிலிருந்து வீட்டுக்குக் கணக்கிட்டால் ஒரு மணி நேரம் போதாது. பன்னாட்டுப் பயணம் என்பதால் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக வந்து, குடியேற்றச் சோதனையும் சுங்கமும் கடக்க வேண்டும். கட்டுநாயக்கா கொழும்புக் கோட்டைக்கு வடக்கே 30 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. எனவே அரை நாளை ஒதுக்கி வைப்பதே நல்லது. கப்பலில் போகலாமே என்றால், நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் காங்கேசன்துறைக்குச் செல்வது. அது யாழ்ப்பாணம் போவோருக்கே உதவும்.