எடையின்மை ஒப்புருவாக்கம்

எடையின்மை ஒப்புருவாக்கம் என்பது, விண்வெளியில் உடலுக்கு நேர்வதைத் தரையிலேயே ஆராய்வதற்காக ஆய்வக விலங்கின் கால்களிலிருந்து உடற்சுமையை நீக்கும் முறை. எலியும் சுண்டெலியுமே இதில் பெரிதும் பயன்படுகின்றன. புவியீர்ப்பு அப்படியே இருக்கும். பின்னங்கால்கள் தாங்கும் பாரம் மட்டும் இல்லாமற்போகும். ஆகவே இதைப் பின்னங்கால் சுமைநீக்கம் என்றும் அழைப்பர்.

செய்முறை

1970-களின் நடுவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் எமிலி மோரி-ஹோல்டன் இம்முறைக்கு வழிகோலினார். எலியின் வாலைத் துடைத்து, ஒட்டுநாடாவைப் பக்கவாட்டில் பதித்து, மேலே மெல்லிய பேண்டேஜ் துணியைச் சுற்றுவார்கள். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்வதைப் போல, இழை நெருங்காமல் காற்றோட்டம் விடும் துணி அது. வால் நுனியை மூடுவதில்லை. அது இளஞ்சிவப்பாக இருந்தால் இரத்த ஓட்டம் சீராக இருக்கிறது என்று பொருள். நாடாவைக் கூண்டின் மேற்கம்பியில் மாட்டியதும் உடல் தலைப்பக்கம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகை சாயும். எலி முன்னங்கால்களால் கூண்டெங்கும் நடந்து, இரை தின்று, நீர் குடிக்கும்.

தசையும் எரிபொருளும்

முதலில் மெலிவது கெண்டைக்காலில் உள்ள சோலியஸ் தசை. நிற்கும்போது ஓயாமல் உழைப்பது அதுதான். சுமை நீங்கிய சில மணி நேரத்திலேயே அதில் புரத உற்பத்தி குறைகிறது. அடுத்த நாட்களில் புரதச் சிதைவு கூடுகிறது. இரண்டு வாரத்தில் தசை தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழக்கிறது. எஞ்சிய இழைகளும் மெதுவாக இயங்கும் வகையிலிருந்து விரைவாக இயங்கும் வகைக்கு மாறுகின்றன. கொழுப்பை எரித்து வந்த தசை, குளுக்கோஸை அதிகம் நாடத் தொடங்குகிறது.

இரத்தக் கொழுப்பைத் தசைக்குள் எடுத்துக்கொள்ள உதவும் நொதி லைப்போபுரோட்டீன் லைப்பேஸ். பின்னங்கால் சுமைநீக்கத்தில் ஒரே நாளுக்குள் இதன் செயல்பாடு வெகுவாகச் சரிவதையும், மெதுநடை அதை மீட்பதையும் 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. நிற்பதும் நடப்பதும் தசைக்கு வேலை மட்டுமல்ல, கட்டளையும்கூட என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று அரிது.

எலும்பு உருவாக்கமும் குறைகிறது. தசை இன்சுலினுக்கு இணங்குவதைப் பொறுத்தவரை, எந்தத் தசை, எத்தனை நாள் சுமைநீக்கம் என்பதற்கேற்ப முடிவுகள் வேறுபடுகின்றன.

வரம்புகள்

தொங்கவிடுவதே விலங்குக்கு அழுத்தம் தரும். முதல் நாட்களில் இரை குறைந்து எடை இறங்கும்; அழுத்த ஹார்மோனும் உயரக்கூடும். எனவே, தொங்கவிடாமல் அதே அளவு இரை கொடுத்த எலிகளோடு ஒப்பிட்டால்தான் முடிவை நம்பலாம். தரையில் கண்ட முடிவுகளுக்கு உண்மையான விண்வெளிப் பறப்பும் உரைகல்லாகிறது: 2011-இல் அட்லாண்டிஸ் விண்ணோடத்தில் சுமார் 13 நாள் இருந்து திரும்பிய சுண்டெலிகளின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தது. இந்தியாவில் இத்தகைய சோதனைகளுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம்.

பயன்

2025-இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சென்ற சுபான்ஷு சுக்லா, ஈர்ப்பு குன்றிய சூழலில் தசைச் செல்கள் புதுப்பிக்கப்படுவதை ஆராயும் இந்தியச் சோதனையை நடத்தினார். விண்வெளி வீரருக்காகத் தேடும் விடை, பக்கவாதத்தாலோ எலும்பு முறிவாலோ மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பவருக்கும் உரியது. அவர்கள் கால்களும் இழப்பது அதே சுமையைத்தான்.