பாலர் ஆசிரியைப் பயிற்சி: ஒரு நூற்றாண்டுக் கதை

தில்லியில் நாம் குடியிருக்கும் வட்டாரத்தில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து கணவருடன் வந்து குடியேறிய ஓர் இளம்பெண் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். தம் குழந்தையைப் பாலர் பள்ளியில் விட்டு வரும்போதெல்லாம், தாமும் அத்தகைய பள்ளியில் ஆசிரியை ஆகலாகாதா என்னும் ஆசை அவருக்கு எழுந்தது. ஒரு நாள் மாலை அவர் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொணர்ந்து, "அண்ணா, இந்தியில் போட்டிருக்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார்.

தனியார் பயிற்சி நிலையம் ஒன்றின் விளம்பரம் அது. ஓராண்டுப் பயிற்சி, முடிவில் சான்றிதழ், கட்டணமோ அவருடைய கணவரின் இரண்டு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். அச்சான்றிதழை யார் அங்கீகரித்தனர் என்னும் செய்தி மட்டும் அதில் எங்கும் காணப்படவில்லை. "காதில் கிடப்பதை அடகு வைத்துக் கட்டிவிடலாமா, அண்ணா?" என்று அவர் கேட்டார். பிரசுரத்தைத் தமிழாக்கிச் சொல்வது நமக்கு எளிதாயிருந்தது; அக்கேள்விக்கு விடை சொல்வது எளிதாயில்லை. விடை தேடப் புகுந்தபோதுதான், இந்நாட்டில் பாலர் ஆசிரியைகள் எவ்வாறு உருவாயினர் என்னும் வரலாறு நம் முன் விரிந்தது. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் அதை அறிந்திருத்தல் நலம் எனக் கருதி, ஈண்டு சுருக்கிச் சொல்லுகிறோம்.

கதை குஜராத்தின் பாவ்நகரில் தொடங்குகிறது. கிஜுபாய் பதேகா என்பவர் வழக்கறிஞர் தொழிலை விட்டு, 1916இல் அங்கு தட்சிணாமூர்த்தி என்னும் கல்வி நிலையத்தில் சேர்ந்தார். தம் மகனை எவ்வாறு வளர்ப்பது என்னும் கவலையே அவரை மாண்டிசோரி அம்மையாரின் முறையைப் படிக்கத் தூண்டியது. 1920இல் அந்நிலையத்தில் பால மந்திரம் ஒன்றைத் தொடங்கினார். பிரம்பும் மிரட்டலும் இல்லாமல், கதையும் பாட்டும் விளையாட்டும் கொண்டு குழந்தைகள் கற்கும் இடமாக அது விளங்கிற்று. அத்தகைய பள்ளிகள் பெருக வேண்டுமாயின் ஆசிரியர்கள் வேண்டுமே! குழந்தைகள் ஆடிப்பாடும் இடத்துக்கு அருகிலேயே ஆசிரியர் பயிற்சியும் நடைபெறலாயிற்று. நூலைப் படித்துத் தேர்வு எழுதுவது மட்டும் பயிற்சியாகாது. குழந்தையை நாள்தோறும் கவனித்து அறிவதே பயிற்சி என்பது கிஜுபாயின் உறுதி. அவர் 1939ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மறைந்தார்.

அதே ஆண்டின் இறுதியில், மாண்டிசோரி அம்மையாரே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அவரை அழைத்தது சென்னை அடையாற்றிலுள்ள பிரம்ம ஞான சபை. அங்கு ஓலைக் குடில்களில் நடைபெற்ற முதற் பயிற்சி வகுப்பில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த சுமார் 300 பேர் பயின்றனர். சில மாதங்களில் திரும்ப எண்ணியிருந்த அம்மையாரை, உலகப் போர் இங்கேயே நிறுத்திவிட்டது. கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் தங்கிப் பணியாற்றினார். அவர் வகுத்த கருவிகள் மிக நேர்த்தியானவை. அளவு பிசகாமல் செய்யப்பட வேண்டியவை. ஆகவே விலையும் அதிகம். நகரத்துப் பள்ளிக்கு அது தடையாகவில்லை. கூலி வேலை செய்வோரின் குடிசைப் பகுதிக்கு அது எட்டாக்கனியாயிற்று.

இத்தடையைக் கடந்தவர் தாராபாய் மோடக் என்னும் மராட்டியப் பெண்மணி. பட்டதாரியான இவர், பாவ்நகரில் கிஜுபாயுடன் இருந்து பணியாற்றியவர். அவருடன் சேர்ந்து 1926இல் நூதன பால சிட்சண சங்கம் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தவர். 1945இல், பம்பாய்க்கு வடக்கேயுள்ள போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் கிராமப் பாலர் கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். இளம் வயதிலேயே விதவையாகி, இரவுப் பள்ளியில் படித்து முன்னேறிய அனுதாய் வாக் அவருக்குத் துணையாக வந்து சேர்ந்தார். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதிலாக விதைகள், சிப்பிகள், கூழாங்கற்கள், இலைகள் ஆகியவற்றைக் கொண்டே எண்ணையும் வடிவத்தையும் நிறத்தையும் இவ்விருவரும் கற்பித்தனர்.

பள்ளி இருந்தும் ஏழைக் குழந்தைகள் வரவில்லை. சிலருக்குத் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இருந்தது. சிலர் மாடு மேய்க்கப் போயினர். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டும் என்று தாராபாய் முடிவு செய்தார். குடிசைகளின் முற்றத்திலேயே வகுப்பு நடந்தது. முற்றத்துக்கு அப்பக்கத்து மொழியில் 'அங்கண்' என்று பெயர். அங்கன்வாடி என்னும் சொல் அவ்வாறே பிறந்தது. 1957இல் பணி கோஸ்பாடு குன்றுக்கு, வார்லி ஆதிவாசிகளின் நடுவே இடம் பெயர்ந்தது. அது இன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் உள்ளது. மேய்ச்சல் வெளிக்கே சென்று கற்பிக்கும் பள்ளியும் அங்கு நடைபெற்றது. தாராபாய்க்கு 1962இல் பத்ம பூஷண் விருதும், அனுதாய்க்குப் பின்னாளில் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தன.

சுதந்திரத்துக்குப் பின் அரசும் இப்பணியில் இறங்கியது. 1952இல் தோன்றிய இந்தியக் குழந்தைகள் நலக் கழகம், மூன்றாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அரசின் பொருளுதவியுடன் பால சேவிகைகளுக்குப் பயிற்சி அளித்தது. பின்னர், 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கிற்று. தாராபாய் முற்றத்தில் கண்ட பெயரே அதன் மையங்களுக்கு வழங்கலாயிற்று. இன்று நாட்டில் 13 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கன்வாடிகள் உள்ளன. இவற்றில் பணியாற்ற, முன்கூட்டியே பணம் கொடுத்துப் பட்டயம் பெற்றிருத்தல் வேண்டும் என்பதில்லை. அவ்வட்டாரத்துப் பெண்ணையே தேர்ந்தெடுத்து, பணியில் அமர்த்தி, அதன் பின்னர் அரசின் செலவிலேயே பயிற்சி அளிப்பது இத்திட்டத்தின் முறை.

ஆனால் இலவசம் என்னும் சொல்லுக்கு மறுபக்கமும் உண்டு. இப்பெண்கள் ஊழியர்களாக அன்றி, மதிப்பூதியம் பெறும் தொண்டர்களாகவே கருதப்பட்டனர். பயிற்சிக்குக் கட்டணம் வாங்காத நாடு, உழைப்புக்கு உரிய ஊதியத்தையும் கொடுக்கவில்லை. குஜராத்தைச் சேர்ந்த அங்கன்வாடிப் பணியாளர்களின் வழக்கில், அவர்களுக்கும் 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில்தான். கிஜுபாய் பால மந்திரம் திறந்த அதே குஜராத்திலிருந்து, ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்த குரல் அது.

இனி, பயிற்சி நாடுவோர் இன்று எங்குச் செல்வது? 1985இல் நிறுவப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், பன்னிரண்டாம் வகுப்பு தேறியோருக்குப் பாலர் பராமரிப்பு, கல்வி ஆகியவற்றில் ஓராண்டுப் பட்டயத்தை அஞ்சல் வழியில் அளித்து வந்திருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கழகமும் இத்துறையில் தொழிற்பயிற்சி நடத்துகிறது. 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் அரசு இணையத் தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வு எழுதிச் சான்றிதழ் பெறவே கட்டணம். அங்கன்வாடிப் பணியாளருள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியோருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், ஏனையோருக்கு ஓராண்டுப் பட்டயமும் அளிக்கப்படும் என 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது.

எதில் சேருமுன்னரும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுதல் நன்று. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுமமோ, பல்கலைக்கழகமோ, மாநில அரசோ இச்சான்றிதழை ஏற்றுக்கொண்டுள்ளதா? பயிற்சிக் காலத்தில் உண்மையான குழந்தைகளுடன் பழகும் வாய்ப்பு உண்டா? நாம் வாழும் மாநிலத்தின் மொழியில் குழந்தையுடன் பேச அது நம்மைத் தயார் செய்யுமா? மூன்றாவது கேள்வி நம்மவர்க்கு மிகவும் முக்கியம். மூன்று வயதுக் குழந்தை தன் வீட்டு மொழியை அன்றி வேறொன்றை அறியாது.

நாம் இவற்றையெல்லாம் அப்பெண்ணிடம் சொன்னோம். அவர் கம்மலை அடகு வைக்கவில்லை. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். இதற்கிடையே, தெருக்கோடியிலுள்ள அங்கன்வாடியின் பணியாளரிடம் அனுமதி பெற்று, காலையில் ஒரு மணி நேரம் அங்குச் சென்று குழந்தைகளுடன் அமர்கிறார். அவர் குழந்தைகளுக்கு ஊர்க் கதைகளைத் திக்கித் திணறி இந்தியில் சொல்கிறார். அவர்கள் சிரித்துக்கொண்டே அவருடைய இந்தியைத் திருத்துகிறார்கள். அவருடைய பயிற்சி கட்டணம் ஏதுமின்றித் தொடங்கிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.